வீட்டைக் கடித்துக் குதறும் இளம் நாய்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டில் மல்லி என்றொரு நாட்டு நாய் இருக்கிறாள். இரண்டரை மாதக் குட்டியாகத் தெருவிலிருந்து வந்தவள், இப்போது நான்கு வயது. வந்த முதல் ஒன்றரை வருடத்தில் மூன்று சார்ஜர் ஒயர், கணக்கில்லாத செருப்பு, ஒரு முழு மெத்தை, எங்கள் தாத்தாவின் தேக்கு சாய்வு நாற்காலியின் இடது கை என்று கடித்துத் தள்ளினாள். இன்று அந்த நாற்காலிக்குக் கீழேதான் படுத்துத் தூங்குகிறாள், அதைத் தொடுவதில்லை. இடையில் என்ன செய்தோம் என்று காலை நடையில் எதிர்ப்படுகிறவர்கள், கால்நடை மருத்துவரிடம் பக்கத்து பெஞ்சில் காத்திருப்பவர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடல்நலம் சம்பந்தப்பட்டவற்றை எங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"எங்க குட்டி ஏன் கண்ணுல பட்டதையெல்லாம் கடிக்குது?"

கைக்குழந்தை எதைக் கண்டாலும் வாயில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்குட்டிக்குக் கை கிடையாது, ஒரு பொருள் மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா, தின்னலாமா, இழுத்தால் வருமா என்பதையெல்லாம் அது வாயால்தான் தெரிந்துகொள்கிறது. அதற்கு மேல் பல் முளைக்கும் நமைச்சல், சும்மா கிடக்கும் சலிப்பு, தீராத தெம்பு, சில சமயம் பயம். இதில் எது உங்கள் வீட்டில் நடக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் மருந்து சரியாக அமையும். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் செய்வதால்தான் பலருக்கு எதுவும் பலிப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. மெல்லுவது நாயின் தேவை, மென்றால் அதற்கு மனசு அமைதியாகிறது. நம்மால் முடிவது, எதைக் கடிக்கலாம் என்று அதற்குக் காட்டுவதும், கடிக்கக் கூடாததை அதன் வாய்க்கு எட்டாமல் வைப்பதும்தான்.

"பல் முளைக்கிறதாலதான்னு சொல்றாங்களே, அது எப்போ முடியும்?"

குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் எல்லாம் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். இந்த இடைக்காலத்தில் ஈறு நமநமவென்று இருக்கும், எதையாவது கடித்து அழுத்தினால்தான் அதற்குச் சுகம். பெரும்பாலான பால் பற்களைக் குட்டி விழுங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. மல்லியின் ஒரு பல் மட்டும் எங்களுக்குக் கிடைத்தது: வாசல் தேங்காய்நார் மிதியடியை உதறும்போது அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக, நுனி ஊசிபோல், அடியில் லேசாக ரத்தக்கறையோடு விழுந்தது. அதுவரை அந்த மிதியடியை அவள் ஏன் விடாமல் பிய்க்கிறாள் என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சுத்தமான பழைய பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும். நூல் பிரிய ஆரம்பித்தால் வாங்கி வைத்துவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. ஏழு மாதம் ஆகியும் பால் பல் விழாமல் புதுப் பல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோரைப்பல்லில் இது அடிக்கடி நடக்கும்.

"பல்லெல்லாம் முளைச்சாச்சு, எட்டு மாசம் ஆச்சு. இப்பதான் முன்னைவிட அதிகமா குதறுது, ஏன்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம் நொந்துபோனவர்கள், ஏனென்றால் பல் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நம்பி இருந்தவர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம், பெரிய இனங்களுக்கு இரண்டு வயது வரைகூட நீளும். தாடையில் பெரிய நாயின் பலம் வந்துவிடுகிறது, பொறுமை மட்டும் இன்னும் குட்டியினுடையதுதான். ஐந்து மாதத்தில் செருப்பின் வாரைக் கடித்தது, ஒன்பது மாதத்தில் சோபாவின் காலைச் சீவி எடுக்கும்.

இந்தப் பருவம் கடந்துபோகும், ஆனால் தானாகக் கடந்துவிடும் என்று விட்டுவிட்டால் அதற்குள் மரச்சாமான் கடிப்பது பழக்கமாகவே ஊறிவிடும். எந்தெந்தப் பொருளை இந்த ஒரு வருடத்தில் திரும்பத் திரும்பக் கடிக்க வாய்ப்புக் கிடைக்கிறதோ, அதுவே பெரியதானாலும் அதற்குப் பிடித்த பொருளாக நிற்கும். அது நாற்காலியாக இருப்பதா ரப்பர் பொம்மையாக இருப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

"தப்பு செஞ்சது அதுக்கே தெரியும். நான் உள்ள நுழைஞ்சதும் தலையைக் குனிஞ்சுக்குது. அப்ப ரெண்டு போட்டா என்ன?"

போடாதீர்கள். அந்தக் குனிந்த தலை குற்ற உணர்ச்சி இல்லை. 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 14 வீட்டு நாய்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சொல்லப்படுவது சில முறை உண்மை, சில முறை பொய். நாய் உண்மையில் தின்றதா என்பதற்கும் அந்தக் 'குற்றவாளி முகத்'துக்கும் தொடர்பே இல்லை, வளர்ப்பவர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது. தின்னாமல் இருந்து வீணாகத் திட்டு வாங்கிய நாயும் அதே முகத்தைத்தான் காட்டியது.

நீங்கள் ஆறு மணிக்கு வந்து, மூன்று மணிக்குக் கடித்த செருப்பைக் காட்டி அடித்தால், 'நீங்கள் வீட்டுக்கு வந்தால் அடி விழும்' என்றுதான் அது கற்றுக்கொள்ளும். பயம் கூடும், பயம் கூடினால் கடிப்பதும் கூடும். சில நாய்கள் கடித்த பொருளைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் அவசரமாக விழுங்கப் பழகிவிடும், அது செருப்பு போவதை விடப் பெரிய ஆபத்து. முடிந்துபோனதை ஒன்றும் சொல்லாமல் கூட்டி அள்ளுங்கள். எனக்கும் இது கஷ்டமாகத்தான் இருந்தது. தாத்தாவின் நாற்காலிக் கையில் வரிவரியாகப் பல் பதிந்து, அறுபது வருடக் கருப்புக்கு அடியிலிருந்து மரம் மஞ்சளாகத் தெரிந்து, தரையெல்லாம் தேக்குத் தூள் வாசனையோடு கிடந்த அன்று, அம்மா மல்லியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூளைக் கூட்டி எடுத்துவிட்டு நாற்காலியைத் தன் அறைக்கு மாற்றினார். அன்றைக்குச் சரியாக நடந்துகொண்டவர் அவர்தான்.

"சரி, நம்ம கண்ணு முன்னாடியே கடிக்கும்போது என்ன செய்யணும்?"

கத்தாமல், துரத்தாமல், மாற்றிக் கொடுங்கள். துரத்தினால் அதற்கு அது விளையாட்டு, நாளைக்கு உங்களைக் கூப்பிடுவதற்கென்றே செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒரு துண்டு வேகவைத்த கோழியோ பனீரோ எடுத்து மூக்குக்கு அருகில் காட்டி 'விடு' என்று ஒரே தடவை சொல்லுங்கள். வாய் திறந்ததும் தீனியைக் கொடுத்து, உடனே கடிக்கலாம் என்கிற பொருளை வாயில் கொடுங்கள், அதைக் கடிக்கும்போது பாராட்டுங்கள். கடைசிப் படியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். நாய் தப்பான பொருளைக் கடித்தால் வீடே எழுந்து ஓடிவருகிறது, சரியான பொருளைக் கடித்துக்கொண்டு மூலையில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

'விடு' என்ற சொல்லை விளையாட்டாகப் பொம்மையோடு தினமும் ஐந்து நிமிடம் பழக்குங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா 'விடு', பிள்ளைகள் 'டிராப்', பாட்டி 'ச்சீ கீழ போடு' என்றால் அதற்கு எதுவும் புரியாது.

"என்னதான் கடிக்கக் கொடுக்கலாம்? கடையில வாங்குறது எல்லாம் ஒரே நாள்ல காலி."

உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மைதான் எங்கள் வீட்டில் போட்ட காசுக்கு அதிகம் உழைத்தது. அதற்குள் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் முப்பது நாற்பது நிமிடம் சத்தமே இருக்காது. வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய், முட்டையும் அடைக்கலாம். சாதத்தில் வெங்காயம், தாளிப்பு எதுவும் வேண்டாம். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் டப்பாவில் ஸைலிட்டால் என்ற இனிப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அது கொஞ்சம் போனாலும் நாயின் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் கீழே இறக்கிவிடும். இதில் போகும் உணவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

முழு கேரட்டைக் குளிரவைத்துக் கொடுக்கலாம். அட்டைப்பெட்டியில் பின்னையும் டேப்பையும் எடுத்துவிட்டு, உள்ளே கொஞ்சம் தீனியைப் போட்டு மூடிக் கொடுத்தால் கிழித்துத் தள்ளும். அட்டையைத் தின்னாமல் கிழிக்க மட்டும் செய்கிற நாய்க்கு இது நல்ல வேலை. பொம்மையின் அளவு முக்கியம், முழுதாக வாய்க்குள் போகிற எதுவும் தொண்டையில் அடைக்கும். நாலைந்து பொம்மை இருந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடாமல் இரண்டை வெளியே வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒளித்து வைத்த பொம்மை திரும்ப வரும்போது அதற்குப் புதுசுதான்.

கெட்டித்தன்மைக்கு ஒரு சோதனை உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசாகவாவது தடம் விழ வேண்டும். தடமே விழாத பொருள் பல்லை உடைக்கும். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றவைதான். இவற்றில் உடைவது பெரும்பாலும் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல், அதைப் பிடுங்க மயக்க மருந்து கொடுத்துப் பெரிய சிகிச்சையே செய்ய வேண்டியிருக்கும்.

"எலும்பு போடலாமா? பழைய செருப்பையே கொடுத்துட்டா?"

வேகவைத்த எலும்பு எதுவும் வேண்டாம், குழம்பில் மிஞ்சிய கோழி எலும்பு கண்டிப்பாக வேண்டாம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். "எங்க காலத்துல எல்லா நாயும் அதைத்தான் தின்னுச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தின்றது உண்மை, செத்த நாய் எதனால் செத்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. கடைகளில் விற்கும் பதப்படுத்திய தோல் எலும்பும் ஊறி வழவழப்பாகி முழுத்துண்டாகத் தொண்டையில் போய் நிற்கக்கூடியது, நான் கொடுப்பதில்லை.

பழைய செருப்பு கூடாது. பழையது புதுசு என்ற கணக்கு நாய்க்குக் கிடையாது, உங்கள் கால் வாசனை உள்ள தோல் பொருள் கடிக்கலாம் என்றுதான் பதியும். தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் நம் ஊரில் நிறையப் பேர் கொடுக்கிறார்கள். மட்டையைக் கிழித்துத் துப்புகிற நாய் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் விடலாம், நாரை விழுங்குகிற நாய் என்றால் வேண்டாம், நார் திரண்டு குடலை அடைக்கும். கொட்டாங்குச்சியை யாருக்குமே நான் சொல்ல மாட்டேன்.

"தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் கூட்டிட்டுப் போறோம். அப்படியும் வந்ததும் சோபாவைக் கடிக்குது."

ஒரு மணி நேரம் எப்படி நடக்கிறீர்கள் என்று பாருங்கள். கயிற்றை இழுத்துப் பிடித்து, எங்கும் நிற்கவிடாமல், போனில் பேசிக்கொண்டே நேராக நடந்தால் அதன் கால்தான் களைக்கும். நாய்க்கு மூக்குதான் மூளைக்கு வாசல். இருபது நிமிடம் அதன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு மரத்தடியையும் மின்கம்பத்தையும் மோந்து பார்க்க விட்டால், வேகமாக நடந்த ஒரு மணி நேரத்தைவிட அமைதியாக வீட்டுக்கு வரும். நாங்கள் நடையை இரண்டாகப் பிரித்தோம்: காலையில் ஆறு மணிக்கு முன் நல்ல ஓட்டம், மாலையில் இருட்டிய பிறகு மோப்பம் மட்டும். சித்திரை வைகாசியில் வெயில் ஏறிய பிறகு கூட்டிப் போகாதீர்கள். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாத நாட்களில்தான் எங்கள் வீட்டில் சேதம் அதிகம். அப்போது சாப்பாட்டைத் தட்டில் போடுவதை நிறுத்திவிட்டு, சுத்தமான பழைய சாக்கைச் சுருட்டி அதன் மடிப்புகளில் பிஸ்கட் தீனியை ஒளித்து வைத்தோம். மல்லி கால் மணி நேரம் மூக்கால் துழாவித் துழாவி எடுத்துத் தின்பாள், பிறகு ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துவிடுவாள்.

இன்னொன்று, குட்டி அளவுக்கு மீறிக் களைத்தாலும் கடிக்கும். சின்னக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி ஓடிக் கடித்தால், பலமுறை அது தூக்கத்துக்கு அழுகிற குழந்தையின் நிலைதான். விளக்கை அணைத்துப் படுக்க வையுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

"சோபா கால்ல மிளகாய்ப்பொடி, வேப்பெண்ணெய் தடவினா நின்னுடும்னாங்க?"

மிளகாய்ப்பொடி கூடாது. கண்ணில், மூக்கில் பட்டால் அது துடிப்பதைப் பார்க்க உங்களுக்கே தாங்காது. வேப்பெண்ணெய் அதிகம் நக்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கசப்பு ஸ்ப்ரே என்று கடைகளில் கிடைக்கிறது, டெனடோனியம் என்ற மிகக் கசப்பான பொருள் கலந்தது. சில நாய்களுக்குப் பலிக்கும், சிலது நக்கிவிட்டுத் தொடர்ந்து கடிக்கும், மல்லி இரண்டாவது ரகம். பலித்தாலும் அது சோபா காலை மட்டும்தான் காப்பாற்றும், கடிக்கிற ஆசை அடுத்த பொருளுக்குப் போகும். கடிக்கலாம் என்கிற பொருள் பக்கத்திலேயே இருந்தால்தான் கசப்புக்கு அர்த்தம் உண்டு.

"நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. சங்கிலியில கட்டிட்டுப் போகலாமா, கூண்டு வாங்கலாமா?"

நாள் முழுக்கக் கட்டிப்போடுவது கடிக்கிற நாயை இன்னும் மோசமாக்கும், குரைக்கும், ஆட்கள் மேல் பாயும். சட்டமும் இதைப் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் அளவுமீறிய நேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதும் வதை என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு அறையையோ அறையின் பாதியையோ அதற்கென்று ஒதுக்குவதுதான் நல்லது. குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு போதும். அந்த இடத்தில் தரையிலிருந்து நாலடி உயரம் வரை கடிக்கக் கூடாதது எதுவும் இருக்கக் கூடாது. நீங்களே தரையில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள், நின்றால் தெரியாத ஒயர் எல்லாம் அப்போது தெரியும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஒரு கடி போதும். மின்விசிறி, தண்ணீர், மேலே சொன்ன உறைந்த ரப்பர் பொம்மை இரண்டு. கூண்டு வைத்தால் அதில் எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் வேண்டும். கதவைத் திறந்தபடி வைத்து, உள்ளே சாப்பாடு போட்டுப் பல நாள் பழக்கிய பிறகுதான் மூட வேண்டும், குட்டியை மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் விடக் கூடாது. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அடைத்துவிட்டுப் போவதாக ஒருவர் சொன்னார். அது வெயில் காலத்தில் உயிரையே எடுத்துவிடும். மதியம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்க ஆள் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், துடிப்பான இளம் நாயை இப்போது வாங்க வேண்டாம் என்றுதான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

"நாங்க இருக்கும்போது தங்கம். வெளிய போனா மட்டும் கதவைப் பிறாண்டிக் கடிச்சு வைக்குது."

இது வேறு விஷயம், பிரிவுப் பதற்றமாக இருக்கலாம். சலித்துப்போய்க் கடிக்கிற நாய் தலையணை, ரிமோட், குப்பைக்கூடை என்று கிடைத்ததை எடுக்கும். பதற்றத்தில் கடிக்கிற நாய் நீங்கள் போன வழியை, அதாவது கதவு, நிலை, ஜன்னல் சட்டத்தைக் கடிக்கும். நகம் பெயர்ந்து ரத்தம் வரும் அளவுக்குக்கூடப் போகும். ஊளையிடும், எச்சில் வடிக்கும், வைத்துவிட்டுப் போன தீனியைத் தொடாது. ஒரு பழைய போனைப் படம் பிடிக்க வைத்துவிட்டு வெளியே போங்கள். நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள் இதெல்லாம் தொடங்கினால் பதற்றம் என்று கொள்ளலாம்.

இதற்குக் கூண்டு வேண்டாம், கூண்டுக்குள் இன்னும் காயப்படுத்திக்கொள்ளும். செருப்பு மாட்டுவது, சாவி எடுப்பது, திரும்ப வைத்துவிட்டு உட்காருவது என்று தொடங்கி, அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று அது பதறாத அளவுக்குள்ளேயே வெளியே போய் வந்து நேரத்தைக் கூட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். முற்றிய நிலையில் மருத்துவர் மருந்தும் கொடுப்பார், அதை வாங்கத் தயங்காதீர்கள்.

"சுவத்துச் சுண்ணாம்பு, மண்ணு, கல்லு எல்லாம் தின்னுது. இதுவும் கடிக்கிற பழக்கம்தானா?"

கடித்துத் துப்பினால் பழக்கம், விழுங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். குடற்புழு, ரத்தசோகை, செரிமானக் கோளாறு, வெறும் சோறு போட்டு வளர்ப்பதால் வரும் சத்துக்குறைவு என்று காரணம் பல. மலத்தையும் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

"ஏதோ முழுங்கிடுச்சு. உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?"

வைக்கக் கூடாது. உப்புத்தண்ணீரே நாய்க்கு விஷமாகி வலிப்பு வரை கொண்டுபோகும். கூர்மையான பொருள், மண்ணெண்ணெய், ஆசிட் வகையாக இருந்தால் வாந்தியில் திரும்பி வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும். என்ன, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் துண்டையோ அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ராத்திரியிலும் போன் எடுக்கிற ஒரு மருத்துவரின் எண்ணை இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் நாய் வாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டியவை: அலமாரி அந்துருண்டை, எலி மருந்து, கொசுவிரட்டித் திரவம், பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகள், பொத்தான் பேட்டரி, வெற்றிலைச் சுண்ணாம்பும் புகையிலையும், சாக்லேட், வெங்காயம், பாயசத்தில் போடும் உலர்திராட்சை. செடிகளில் அரளி முழுச்செடியும் இதயத்தைத் தாக்கும் விஷம். அழகுக்கு வைக்கும் சைகஸ் ஈரலைக் கெடுக்கும், அதன் விதை இன்னும் மோசம்.

மாங்கொட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு லேப்ரடார் குப்பையிலிருந்து எடுத்து விழுங்கியது. முதல் நாள் சாதாரணமாக இருந்தது, மறுநாள் வாந்தி, மூன்றாம் நாள் தண்ணீரும் தங்கவில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. மாம்பழக் காலத்தில் குப்பைக்கூடைக்கு மூடி போடுங்கள். மணி தின்ற மக்காச்சோளக் கட்டையும் சாக்ஸும் இதே ரகம். நூல், ரிப்பன், பட்டக்கயிறு ஆசனவாயில் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும். துண்டு முடிச்சில் நூல் பிரிந்தால் வாங்கிவிடுங்கள் என்றது இதனால்தான்.

"லேப்தான் இப்படிக் கடிக்குமா? சிப்பிப்பாறை, ராஜபாளையம் வாங்கினா பிரச்சினை இருக்காதா?"

லேப்ரடார், வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவையை வாயில் கவ்விக் கொண்டுவருவதற்காக வளர்க்கப்பட்ட இனம், வாயில் எதையாவது வைத்திருப்பது அதன் ரத்தத்தில் உள்ளது. பசி அடங்காத லேப்களும் உண்டு. நிறைவைச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி அவற்றுக்கு விடுபட்டிருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு அப்படி. அந்த மாதிரி நாய்க்கு உணவை வேலையாக மாற்றிக் கொடுப்பது இரட்டிப்பு நன்மை.

சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் கரிசல்காட்டில் முயலை விரட்டிப் பிடித்தவை. வீட்டுக்குள் அமைதியாகப் படுத்துக் கிடக்கும், ஆனால் தினமும் காற்றாய்ப் பறக்க வெளி வேண்டும், இரண்டாம் மாடி ஃபிளாட்டில் அது கிடைக்காவிட்டால் கதவைத்தான் கேட்கும். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வருகிறது. 'விடு' சொல்லியும் திரும்பாத வெள்ளைக் குட்டியைப் பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன், பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். கேட்காவிட்டால் கைச்சைகையில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும்.

"வாயில இருக்குறதை எடுக்கப் போனா உறுமுது. இப்ப விட்டா பிற்பாடு தலைக்கு மேல ஏறிடாதா?"

உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். விலகி நில்லுங்கள், தூரத்திலிருந்தே நல்ல தீனியாக நாலைந்து துண்டைக் கொஞ்சம் தள்ளி எறிந்து, அது நகர்ந்த பிறகு பொருளை எடுங்கள். அவசரமில்லாத நாட்களில், அது தன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றையும் எடுக்காமல் அருகில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மனிதர் கிட்டே வந்தால் நன்மைதான் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை நீங்களாகச் செய்யாமல், அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். பல் பட்டுத் தோல் கிழிந்தால், வீட்டு நாயானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

"துணைக்கு இன்னொரு நாய் வாங்கினா, இல்ல கருத்தடை பண்ணிட்டா நின்னுடுமா?"

முதல் நாய் பழகாமல் இரண்டாவது வந்தால் கடிக்கிற வாய் இரண்டாகும். பிரிவுப் பதற்றத்துக்கும் இன்னொரு நாய் பெரும்பாலும் உதவாது, அது தேடுவது உங்களை. கருத்தடைக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, செய்யுங்கள், ஆனால் மெல்லும் ஆசை அதனால் குறையாது.

"எல்லாம் செஞ்சாச்சு. மறுபடியும் நேத்து மாமியாரோட கண்ணாடியைக் கடிச்சிருச்சு. வீட்டுல கொடுத்துடுன்னு சொல்றாங்க. இன்னும் எத்தனை நாள் பார்க்கிறது?"

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எதைக் கடித்தது, மணி என்ன, அதற்கு முன் மூன்று மணி நேரம் அது என்ன செய்துகொண்டிருந்தது. நாங்கள் எழுதியபோது, மல்லியின் பத்துச் சேதத்தில் ஏழு சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் நடந்திருந்தது. அது அம்மா சமையலிலும் நாங்கள் வேலையிலிருந்து வந்த களைப்பிலும் இருக்கிற நேரம், யாரும் அவளைக் கவனிக்காத நேரம். மாலை நடையை அந்த நேரத்துக்குக் கொண்டுவந்து, வந்ததும் உறைந்த பொம்மையைக் கொடுத்தோம். அடுத்த மாதம் நோட்டில் இரண்டே வரிதான். வெயில் காலத்தில் மட்டும் நடையை மறுபடி இருட்டிய பிறகு தள்ளிவிட்டு, அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சாக்கு விளையாட்டில் ஓட்டினோம்.

மாமியாருக்கு, கண்ணாடி வைக்க அவர் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுங்கள். அவரையே தினமும் ஒரு வேளை அந்த ரப்பர் பொம்மையில் தயிர்சாதம் அடைத்து நாய்க்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான் தொடங்கினார். நான்கு வருடம் ஆகிறது, இன்னும் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.